அபராதத்தில் ஒரு பங்கு

சியேனி டீச்சரை நல்லவள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சவாயீ தீவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பும் என் வகுப்பும் பக்கத்துப் பக்கத்து அறைகள். பிள்ளைகள் கைக்குப் போன் வந்தபோது, அதை ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கற்றுத்தரும் வேலை அவள் தலையில் விழுந்தது. பிடுங்கிப் பெட்டியில் பூட்டு என்றோம் மற்ற டீச்சர்கள் நாங்கள்.

"பூட்டினா ஒளிச்சு வச்சுப் பாப்பாங்கடி. ஏதாவது தப்பாப் போனா ஒரு பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும். அந்தப் பழக்கம் ஒண்ணு வந்துட்டாப் போதும்" என்பாள் அவள்.

"அடி பைத்தியமே, இந்த ஊர்ல அடி வாங்காம எந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கு?" என்று சிரித்தேன்.

ஆனால் திறந்தார்கள். ஒரு வருடம் விடாமல் "சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று அவள் சொன்னதில், ஒவ்வொன்றாக வந்து அவள் மேசையருகே நிற்கத் தொடங்கின. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்படித்தான் டெலேசியாவும் வந்தாள். பதின்மூன்று வயது, வாயில்லாப் பூச்சி. கடல் கடந்து ஆக்லாந்தில் இருக்கும் அண்ணன் முறை என்று சொல்லிக்கொண்டு எவனோ செய்தி அனுப்பி, அவள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறான். சொந்தம் என்று ஒருவர் வந்தால், எந்த வழியில் சொந்தம் என்று சின்னப் பெண் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. கொடுத்துவிட்டாள். அவன் அந்தக் கணக்கில் புகுந்து, ஊரே பார்க்கும் இணையப் பக்கத்தில் ஊர்த் தலைவர்களில் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி அசிங்கமாக எழுதி வைத்தான். கணக்கில் இருந்தது புனைபெயர். அது யாருடையது என்று ஊரே தேடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொல்லச் சொன்னீங்களே டீச்சர், அதான் சொல்றேன்" என்று அழுதாளாம்.

ஊர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே போய் விளக்கிவிட்டால் பிள்ளை தப்பிக்கும் என்று சியேனி நினைத்தாள். "போகாதே, தேடிச் சலிச்சு விட்டுருவாங்க" என்றேன். கேட்கவில்லை. ஊர்த் தலைவர்கள் சபையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஏமாற்றுக்காரன் எவனோ வெளியூரான், பெண் அப்பாவி என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"படகை அவுத்து விட்டது அந்த வீட்டுப் பொண்ணுதானே, டீச்சர்? அது எங்க போய் மோதினாலும் அந்த வீடுதான் பதில் சொல்லணும்" என்றார் சபையின் பேச்சாளர்.

பெரிய பன்றி ஒன்றும், டப்பா மீன் பத்துப் பெட்டியும் அபராதம். டெலேசியாவின் அப்பா கட்டினார். மறுநாளே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திச் சேம்புத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார். சியேனி மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனாள். மூன்று முறையும் உபசரித்துத் தேநீர் கொடுத்தார்கள். பெண்ணை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

அதோடு விட்டதா? வழக்கப்படி அபராதத்தை ஊர் வீடுகளுக்குப் பங்கு போட்டபோது, உண்மையைக் கொண்டுவந்தவளுக்கு என்று மீன் ஒரு பெட்டி ஒதுக்கினார்கள். பள்ளி விடும் நேரம் பார்த்து இரண்டு இளைஞர்கள் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். பிள்ளைகள் சாலை ஓரத்தில் வரிசையாக நின்று பார்த்தன.

"எனக்கு வேண்டாம்ப்பா, எடுத்துட்டுப் போங்க."

"சபை குடுத்ததைத் திருப்பக் கூடாது டீச்சர். அப்புறம் உங்க வீட்டுக்கும் அபராதம் வந்துரும்."

வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? இந்தச் சபையில் எனக்கும் மாமன்மார் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதன்பின் அவள் மேசையருகே யாரும் வந்து நிற்கவில்லை. கேட்டால் "எல்லாம் நல்லாயிருக்கு டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். வகுப்பில் முன்பைவிட நல்ல ஒழுக்கம் என்று தலைமையாசிரியர் பாராட்டினார்.

போன வாரம் இடைவேளையில் இயோவானா என்ற பெண் போனைப் பார்த்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். நானும் சியேனியும் அந்தப் பக்கமாகப் போனோம். திரையில் அதே வாசகம்: ஆக்லாந்து அண்ணன்.

"யாரும்மா அது?" என்று கேட்டாள் சியேனி.

"எங்க அண்ணன், டீச்சர்."

"உனக்குத்தான் அங்க அண்ணன் யாரும் இல்லையே. என்கிட்ட சொல்லும்மா."

இயோவானா போனை மார்போடு அழுத்திக்கொண்டாள். அவள் அடுத்துச் சொன்னது கேலியோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, கண்ணில் நீர் முட்ட அவள் கெஞ்சினாள்.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்க டீச்சர். மீன் வேணும்னா எங்க வீட்டுலேருந்து நானே கொண்டுவந்து தர்றேன்."