பச்சை மூடிக் குழாய்

அரியலூர் ரயில்வே கேட்டில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தபோது எங்கள் நர்ஸ் போன் செய்தார். "சார், மேரி மேடம் தவறிட்டாங்க." கேட் திறந்தது. பின்னால் ஹார்ன் அடிக்கும்வரை எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

டாக்டர் ஆரோக்கியமேரி வரதராசன்பேட்டைக்காரர். பெரம்பலூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தோம். இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "அவர் கையில் ஒரு தவறும் நடந்ததில்லை" என்று பேசினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேடம் அங்கே இருந்திருந்தால் எழுந்து மறுத்திருப்பார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு தம்பதி, கழுத்து நிற்காத ஐந்து மாதப் பையனைத் தூக்கி வந்தார்கள். அவர்களுடைய முதல் குழந்தையும் அப்படியே தளர்ந்து, மூச்சுத் திணறி இறந்திருந்தது. பரம்பரையாக வரும் தசை நோயாக இருக்குமோ என்று மேடம் சந்தேகித்தார். மரபணுச் சோதனைக்காக ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அந்த மெலிந்த கையில் நரம்பு கிடைக்காமல் பல இடங்களில் குத்த வேண்டியிருந்தது. கையை அழுத்திப் பிடித்திருந்தவன் நான்.

ரிசல்ட் வரவில்லை, ஆய்வகத்திலிருந்து போன்தான் வந்தது. அந்தச் சோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் அனுப்பியிருக்க வேண்டும். நாங்கள் அனுப்பியது பச்சை மூடிக் குழாய். அதிலிருக்கும் மருந்து சோதனையைக் கெடுத்துவிடும். ஆய்வகம் தன் படிவத்தில் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது, நாங்கள் பார்க்கவில்லை. மறுபடி எடுக்க வழியில்லை. பையன் அதற்குள் இறந்துவிட்டான்.

"வழியில கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம் மேடம்" என்றார் மருத்துவமனை மேனேஜர். மேடம் கார் சாவியை எடுத்தார். நானும் கூடப் போனேன்.

அவர்கள் வீட்டில் மேடம் தரையிலேயே உட்கார்ந்தார். "தப்பு என்னுதும்மா. எந்தக் குழாயில கேக்குறாங்கன்னு பாக்காம அனுப்பிட்டேன்."

அந்தத் தாய் அவரை நேராகப் பார்த்தாள். "அப்ப எம்புள்ளைய அத்தன குத்து குத்துனதெல்லாம் சும்மாவா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க கெளம்புங்க டாக்டர்" என்றார் கணவர். அவள் அழுது ஓயும்வரை மேடம் எழவில்லை. திரும்பும்போது காரில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார்."

அடுத்த வருடம் அந்தக் கணவரே அழைத்தார். "மேடம், அவ முழுகாம இருக்கா. பயமா இருக்குங்க." மேடம் இருவரையும் உடனே வரச்சொன்னார். ஊசியைத் தொடுவதற்கு முன் ஆய்வகத்தை அழைத்து, என்ன குழாய், எவ்வளவு ரத்தம், எப்படி அனுப்புவது என்று கேட்டார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். சோதனையில் கணவன் மனைவி இருவரிடமும் அந்த மரபணுக் குறை மறைந்திருந்தது தெரிந்தது. திருச்சியில் கருவையும் சோதித்தார்கள். நோய் இல்லை. பெண் பிறந்தாள்.

அவர்கள் கொண்டுவந்த ஸ்வீட்டை மேடம் வாங்கிக்கொண்டார். ஒன்றும் எடுத்துச் சாப்பிடவில்லை. "அவங்க மனசு பெருசு. அந்தப் பையனுக்கு நான் பண்ணது அப்படியேதான் சார் இருக்கு" என்றார்.

போன வாரம் ஒரு குழந்தைக்கு இதே சோதனை எழுதினேன். இந்த முறை வேறு ஆய்வகம்; ரத்தம் எடுக்குமுன் எந்தக் குழாய் என்று கேட்க அழைத்தேன், லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த தகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சார், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

எனக்கு முகம் சூடானது. "தெரியலைங்க. கேட்டுட்டு எடுக்கறேன்" என்றேன்.

கூசிக்கொண்டாவது அதைச் சொல்ல முடிகிறது. மேடமிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.