அம்மா எடுக்காத அட்டைகள்

எங்கள் வீட்டில் எது எப்போது நடந்தது என்று பேச்சு வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். சிலிண்டர் மாற்றிய நாள், மோட்டார் பழுதான நாள், மாமா கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போன நாள் என்று எல்லாவற்றையும் ஐந்தாம் வகுப்பிலிருந்தே நோட்டில் குறித்து வருகிறேன். அவற்றில் ஒரே ஒரு குறிப்புதான் ‘காரணம் தெரியவில்லை’ என்று முடிகிறது. அது அம்மாவின் டெமோ கிளாஸ் பற்றியது.

முடிச்சூர் வீட்டில் வெள்ளம் புகுந்ததற்கு அடுத்த ஆண்டு. நாங்கள் பீர்க்கன்கரணையில் ஒரு மாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். கணக்கில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, நான் பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்தவள் அம்மா. திடீரென்று வேலைக்குப் போவதென்று முடிவு செய்தாள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் விண்ணப்பம் மட்டும் போதாது. நிஜ மாணவர்களுக்கு, நிர்வாகத்தினர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மூன்று பள்ளிகளில் நடத்திக் காட்டினாள். மூன்றிலும் “சொல்லி அனுப்பறோம்” என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நான்காவது பள்ளி மூன்றாம் வகுப்புக்கு ஆள் கேட்டது. அந்த வகுப்பு ஆசிரியை எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். தலைப்பு: அட்ஜெக்டிவா, அட்வெர்பா?

“இந்தத் தடவை வாங்காம விடறதில்லை” என்றாள் அம்மா.

இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் வந்தன. ஒன்றில் பொம்மைப் படம்: ஒரு பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லும் வார்த்தை அதில் விழ வேண்டும். இன்னொன்றில் ஓடும் கால்: ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் வார்த்தை அதற்கு. நோட்டுத் தாளைக் கிழித்து இருபது வார்த்தைகள் எழுதினாள். ஹாலில் நான் ஒருத்தியே வகுப்பு. “சில்ட்ரன், சைலன்ஸ்” என்று என் ஒருத்தியைப் பார்த்து அதட்டுவாள்.

“கடைசியில ‘லி’ வந்தா கால் டப்பா. அவ்வளவுதான்” என்று முதல் நாள் விதி சொன்னாள். நான் என் பாடப்புத்தகத்தைக் கொண்டு வந்து ‘லவ்லி ஃப்ளவர்’ என்ற வரியைக் காட்டினேன்.

“இது பூவைப் பத்தித்தானேம்மா சொல்லுது? அப்ப பொம்மை டப்பாதானே?”

அம்மா அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் நோட்டுத் தாள்களைக் காணவில்லை. அதே வார்த்தைகள் தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்துக்கு இடம் மாறியிருந்தன. மளிகை லிஸ்ட் எழுத அவள் கிளிப் போட்டுச் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்கள் அவை. பெரிய எழுத்தில் எழுத இடம் வேண்டும் என்றாள். வார்த்தை என் பக்கமும் தேதி தன் பக்கமுமாகத் தூக்கிப் பிடிப்பாள். அதன் பிறகு அவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

“காலண்டரைக் கிழிச்சே டீச்சர் ஆயிடுவா போலிருக்கே. நாளைக்கு என்ன தேதின்னு உங்கம்மாவைத்தான் கேக்கணும்” என்றார் அப்பா.

“கேளுங்க. தேதி எனக்கு நல்லாத் தெரியும்.”

டெமோவுக்கு முந்தைய நாள் மாலை அவள் தையல்காரரிடம் பிளவுஸ் வாங்கப் போயிருந்தாள். ஒரு வாரப் பயிற்சியில் தாள்கள் கசங்கி, மூலை மடங்கிக் கிடந்தன. இதைத் தூக்கிக் காட்டினால் யார் வேலை கொடுப்பார்கள்? பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டி, வெற்றுப் பக்கங்களை வெளிப்புறமாக வைத்து இரண்டிரண்டாக ஒட்டினேன். முன்னால் ஸ்கெட்ச் பேனாவில் வார்த்தை, பின்னால் ஒரு பூ. இருபதையும் அவள் பைக்குள் வைத்தேன். காலண்டர் தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி என் நோட்டுகள் இருக்கும் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். அடுக்கும்போது என் கண்ணில் பட்டது தேதிப் பக்கம் மட்டுமே.

மறுநாள் சனிக்கிழமை, எங்கள் பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் ஆள் இல்லாததால் அம்மா என்னையும் அழைத்துப்போனாள். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அம்மா டப்பாக்களை மேசையில் வைத்து, எதில் எந்த மாதிரி வார்த்தை விழ வேண்டும் என்று சொன்னாள். பையைத் திறந்தாள். முதல் அட்டையைப் பார்த்தாள், திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள். கட்டு முழுவதையும் மெதுவாகப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அட்டைகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.

ஒரு பையனைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னாள். பையன் எப்படிப்பட்டவன், எப்படி நடந்தான் என்று கேட்டுக் கேட்டுப் பலகையில் எழுதினாள். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. அப்போது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

“மிஸ், ஃபாஸ்ட் எந்த டப்பா?”

எங்கள் இருபதில் அந்த வார்த்தை இல்லை. அம்மா டப்பாக்களைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள்.

“உங்க அப்பா எதுல வேலைக்குப் போறாரு?”

“தாம்பரத்துல ஃபாஸ்ட் ட்ரெயின் புடிப்பாரு மிஸ்.”

“அதுல ஃபாஸ்ட்னு எதைச் சொல்றே?”

“ட்ரெயினை.”

“‘த ட்ரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்’னா?”

அவள் யோசித்தாள். “ஓடறதை.”

“அப்ப ரெண்டு டப்பாலயும் போடு. வார்த்தையை மட்டும் பாத்தா தெரியாது. அது எங்க உக்காந்திருக்குன்னு பாக்கணும்.”

அதற்குப் பிறகு குரல் நடுங்கவில்லை.

பாடம் முடிந்ததும் தலைமை ஆசிரியை அட்டைகளை எடுத்துப் பார்த்தார். “இவ்ளோ அழகா செஞ்சிருக்கீங்க, யூஸ் பண்ணவே இல்லையே?”

“பசங்க முகத்தைப் பாத்ததும் அது தேவைப்படலை மேடம்.”

ஷேர் ஆட்டோவில் நான் அம்மாவோடு பேசவில்லை. “அழுக்காயிடும்னுதான்டி எடுக்கலை” என்றாள். நான் நம்பவில்லை. திங்கட்கிழமையே பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேலை கிடைத்ததை ஒரு வரியிலும் அட்டைகளைத் தொடாததை மூன்று வரியிலும் நோட்டில் எழுதினேன். கடைசி வரி: ‘காரணம் தெரியவில்லை.’

அம்மா இப்போதும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். சென்ற வாரம் பழைய நோட்டுகளை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் காலண்டர் தாள்கள் கிடைத்தன. முதல்முறையாக ஒவ்வொன்றையும் இருபக்கமும் சேர்த்துப் பார்த்தேன். வெவ்வேறு மாதங்களிலிருந்து பொறுக்கிய தாள்கள். ஒற்றைப்படைத் தேதிகளின் பின்னால் எல்லாம் அட்ஜெக்டிவ். இரட்டைப்படைத் தேதிகளின் பின்னால் எல்லாம் அட்வெர்ப். இருபதில் ஒன்றுகூட மாறவில்லை.

அன்று அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பியபோது, இருபது பூவையும் பார்க்கிறாள், ஒன்றையும் விடவில்லை என்று கடைசி பெஞ்சில் நான் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தேன்.