ஐந்து ஏக்கர் சேறு

வெர்னா ஹேக்மனுக்கு அறுபத்திரண்டு வயது. நியூ ஜெர்சியில் தொண்ணூறு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவள். பாதி நிலம் தம்பி டேலுடையது. "மாவட்டத்துக்காரங்க நல்ல விலை சொன்னா உன் பக்கம் நிக்கறேன். இல்லேன்னா பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்க்கா, அப்புறம் அழக் கூடாது" என்று அவன் சொல்லிவிட்டான்.

மாவட்டம் வாங்குவது நிலத்தை அல்ல. அதில் வீடு கட்டும் உரிமையை மட்டும். விற்றுவிட்டால் வயல் என்றைக்கும் வயலாகவே இருக்கும்; வெர்னாவுக்கு வேண்டியது அதுதான். எத்தனை வீடு கட்டலாமோ அதற்கேற்ற விலை. மதிப்பிட ஓர்டன் என்பவர் செவ்வாய்க்கிழமை வந்தார்.

வெர்னா அவரை நேராகக் கீழ்வயலுக்கு அழைத்துப் போனாள். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தது. "பாருங்க சார், எல்லாமே இப்படித்தான். தண்ணி வடியாது. ஒண்ணுத்துக்கும் உதவாத மண்ணு." அவர் எழுதிக்கொண்டார்.

அவர் வண்டி போன பிறகுதான் உறைத்தது. வரி குறையட்டும் என்று, வரி போட வருகிறவர்களுக்கு நாற்பது வருஷமாக அவள் காட்டும் வயல் அது. அப்பா காட்டியதும் அதுதான். அந்தப் பக்கத்தில் எவரும் அதிகாரிக்கு நல்ல நிலத்தைக் காட்டியதில்லை. கால் தானாகப் போயிற்று, வாய் தானாகப் பேசிற்று. சேற்றில் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி கிடையாது. தொட்டி இல்லையேல் வீடில்லை, வீடில்லையேல் விலையில்லை.

மூன்று நாள் போனை எடுப்பாள், வைப்பாள். உண்மையைச் சொன்னால் நாற்பது வருஷப் பொய்யும் கூடவே வெளியே வரும். வெள்ளிக்கிழமை ஒருவழியாகக் கூப்பிட்டாள்.

"சார், அந்தச் சேறு அஞ்சு ஏக்கர்தான். பாக்கியெல்லாம் காஞ்ச நிலம். தப்பா சொல்லிட்டேன்."

"என்னை வரி ஆபீஸ்காரன்னு நெனச்சிட்டீங்களாம்மா?"

"பழக்கதோஷம் சார்" என்றாள்.

"உங்க பேச்சை வச்சு நான் எழுத முடியாது. மேட்டுல குழி வெட்டுங்க, தண்ணி ஊறுதான்னு மண்ணு சொல்லட்டும். திங்கக்கிழமை நான் அறிக்கை குடுக்கணும்."

மறுநாள் காலை ஓர்டன் பார்த்து நிற்க, பொக்லைன் மேட்டு வயலில் முற்றாத சோளத்தை மடக்கிக்கொண்டு எட்டடி ஆழம் தோண்டியது. டேல் காபியோடு வந்து நின்றான். "என்னக்கா, நம்ம மண்ணை நீ நல்லதுன்னு சொன்னதா கேள்விப்பட்டேன். உடம்பு சரியில்லையா?"

அவள் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் கருப்பாக ஏதோ தெரிந்தது. ஊற்றா? நிழல்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. அடி உலர்ந்தே கிடந்தது.

"வீடு கட்டினா ரோடு எங்க போடுவாங்க?" என்று கேட்டார் ஓர்டன்.

வெர்னா கையை நீட்டினாள். "கேட்டுலேர்ந்து அந்த வேலி வரைக்கும். ரெண்டு பக்கமும் வீடு. முப்பது வரும்." சொல்லும்போதே சோளத்தின் மேல் முப்பது கூரைகள் எழுந்து நின்றன.

"முப்பதா?" என்றான் டேல். "பில்டர் மொத்தத்துக்கும் பன்னெண்டுன்னு கணக்குப் போட்டுத்தானே விலை சொன்னான்."

"நீ அவனுக்கு எந்த வயலைக் காட்டினே?"

டேல் காபிக் கோப்பைக்குள் பார்த்தான். "கீழ்வயலைத்தான். நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடலக்கா" என்றான்.

ஓர்டன் அளவு நாடாவைச் சுருட்டினார். வெர்னா இன்னொரு முறை குழிக்குள் குனிந்து பார்த்தாள்.