அந்த நீல வேன் எங்கே நின்றது?

பக்கத்து வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் வந்து நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். காலையில்தான் நல்ல மழை... இருந்தாலும் மதில் ஓரம் நிற்க ஒரு காரணம் வேண்டாமா?

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி யோகேஸ்வரி ஸ்கூல் வேன் சேவை நடத்துகிறாள். பிள்ளை எங்கே வருகிறது என்று பெற்றோர் போனிலேயே பார்க்கலாம் — எல்லா வேனிலும் ஜிபிஎஸ்.

வந்த அதிகாரி நல்ல தமிழில், மரியாதையாகத்தான் பேசினார். தெல்தெனியப் பக்கம் ஒரு நீல வேன் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில். யோகேஸ்வரியிடமும் ஒரு நீல வேன் உண்டு. ஓட்டுபவர் மடவளை ஊர்க்காரர் ஃபாரூக் நானா. அந்த வேன் ஒரு மாதமாக எங்கெங்கே போனது, எங்கெங்கே நின்றது, எல்லாம் வேண்டும் என்றார்.

யோகேஸ்வரியின் கணவர் ரவிக்கு வியர்த்துவிட்டது. பொலிஸோடு நமக்கு எதற்கு வம்பு, கொடுத்துவிடு என்று மனைவியின் காதைக் கடித்தார்.

அவள் அதிகாரிக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சேர், வேன் நிக்கிற ஒவ்வொரு இடமும் ஒரு பிள்ளையோட வீட்டு வாசல். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் தனியா இறங்குதுன்னு இதுல இருக்கு. கோர்ட்டுக்குப் போய் நீதவான்கிட்ட கட்டளை வாங்கிட்டு வாங்க. அதுல உள்ளதைத் தர்றேன்."

அதிகாரியின் முகம் இறுகியது. பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று முழுக்க ரவி வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு ஃபாரூக் நானாவும் ஓடி வந்தார். தான் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒளிக்கவும் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள் என்றார்.

"உங்களுக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லதான் நானா. ஆனா பிள்ளைங்க வீடு எங்க இருக்குன்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு?" என்றாள் யோகேஸ்வரி.

சில நாட்களில் அதிகாரி கட்டளையோடு திரும்பி வந்தார். அதில் ஒரு மாதம் இல்லை. விபத்து நடந்த நாள், அந்த மாலை நேரம் — அவ்வளவுதான். யோகேஸ்வரி அதை அப்போதே எடுத்துக் கொடுத்தாள். பார்த்தால், அந்த நேரத்தில் நம் நீல வேன் கண்டி டவுன் நெரிசலில் ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறது! கண்டி ட்ராஃபிக் ஒரு மனிதரைக் காப்பாற்றியதை நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை.

யோசித்துப் பாருங்கள். தேவைப்பட்டது ஒரு மாலை. கேட்டது ஒரு மாதம். நடுவில் ஒரு நீதவான் உட்கார்ந்து அளந்து கொடுத்ததில் யாருக்கு என்ன நஷ்டம்? பொலிஸுக்கு வேலை முடிந்தது, ஃபாரூக் நானாவுக்குச் சந்தேகம் நீங்கியது, பிள்ளைகளின் வாசல்கள் யாருக்கும் தெரியாமல் இருந்தன.

கிளம்பிய அதிகாரி படியில் தயங்கி நின்றார். ஸ்கூலின் அடுத்த தவணையிலிருந்து தன் மகளுக்கு வேனில் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டார். யோகேஸ்வரி தலையாட்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீடு எங்கன்னு... யாருக்கும் காட்ட மாட்டீங்கதானே?"