ஏழு பி-யில் ஃப்ளோரா அழுத வெள்ளிக்கிழமை

1976 ஜூனில் புனே கேம்ப் பக்கத்திலிருந்த எங்கள் பள்ளிக்குப் பூகோளம் நடத்த வந்தாள் ஃப்ளோரா. நான் அங்கே கணக்கு வாத்தியார், மகாதேவன். பி.எட்.டில் அவள் முதல் வகுப்பு. ஆனால் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்திப் பழகும் நாளன்று பிள்ளைகளை முன்கூட்டியே மிரட்டி உட்காரவைத்திருப்பார்கள். அந்தப் பொம்மைகளை நம்பி எங்கள் ஏழு பி-க்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

அவள் போர்டு பக்கம் திரும்பியதும் ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுத்தார்கள். யாரைப் பிடிப்பது? மூன்றாம் நாள் அழுதுகொண்டே வெளியே ஓடிவந்துவிட்டாள்.

பிரின்சிபால் மிஸ் மேவிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை நான் வந்து பின்னாடி உக்காருவேன். மறுபடி ஓடினா, வேற வேலை பாத்துக்கோ.”

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் ஃப்ளோரா கேட்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“சார், நீங்க எல்லாரும் ஏழு பி-யா உக்காருங்க. நான் பாடம் நடத்தறேன்.”

நானும் டிரில் மாஸ்டர் நார்மனும் தையல் டீச்சர் பாக்கியவதியும் காலி வகுப்பில் உட்கார்ந்து ‘ம்ம்ம்’ என்றோம். கரும்பு தின்னக் கூலியா! நார்மன் மேசையை வேறு தட்டினார். அவள் நிஜமாகவே அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“நிறுத்தாதீங்க சார்” என்றாள்.

மறுநாளும் கண்ணீர் வந்தது, ஆனால் கால் நகரவில்லை. மூன்றாம் நாள் சட்டென்று நார்மனிடம் ஒரு கேள்வி கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தார், அவருடைய ‘ம்ம்ம்’ அறுந்தது. ஃப்ளோரா சிரித்த முதல் சிரிப்பு அது.

வெள்ளிக்கிழமை நானும் வராந்தாவில் நின்று பார்த்தேன். சத்தம் கிளம்பியது. அவள் கண்ணும் நிறைந்தது. துடைக்கக்கூட இல்லை. திரும்பி நின்று, “பீமா எந்த நதியில சேருது? நீ சொல்லு. அடுத்து நீ!” என்று இங்கிலீஷில் விரட்டினாள். ஒவ்வொரு வாயாகத் திறந்தது. ஐந்தே நிமிஷத்தில் வகுப்பில் அவள் குரல் மட்டும்தான். எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்ததும் மிஸ் மேவிஸ் கேட்டார்: “அழுதியே?”

“அழுதேன் மிஸ். பாடம் நிக்கலை.”

மிஸ் மேவிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அடுத்த வருஷம் புதுசா வர்ற டீச்சருங்களை முதல்ல உங்கிட்டதான் அனுப்பப்போறேன்.”

அனுப்பவும் செய்தார். இது 1988. ஃப்ளோராவின் காலி வகுப்பில் இதுவரை இருபத்துமூன்று பேர் நின்றிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் அழுதார்கள். ஓடினவர் ஒருவர்கூட இல்லை.