மஞ்சள் கரை போட்ட மருள்

என் கணவரின் அக்கா பொய் சொன்னாள். என் கன்றை எடுத்து வைத்துக்கொண்டு அழுகிப்போனது என்று சொன்னாள். அவளை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். பொய் சொன்னதால் உறவு மாறிவிடாது. உறவு என்பதற்காகப் பொய்யும் மாறிவிடாது.

ஒரு பூக்கன்றுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கிறார்கள். என் கணவரே கேட்டார். அது யார் வாங்கிய கன்று என்று முதலில் கேட்கட்டும்.

வாங்கியவள் என் தங்கச்சி. செட்டிபாளையத்தில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்களுக்கு ஒரே வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. எங்கள் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெரிய வீடு எனக்கு. அதை ஒட்டி அப்பா கட்டிய சின்ன வீடு தங்கச்சிக்கு. அம்மாவும் அப்பாவும் போனபின் அவள் இரவில் என் வீட்டில் படுப்பாள், விடிந்தால் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்கு இன்னும் கல்யாணம் பேசி முடியவில்லை. மாப்பிள்ளை வருமுன்பே வீட்டுக்குள் கன்றுகள் வந்துவிட்டன.

முதலில் அந்தூரியம் வாங்கினாள். கடற்காற்றின் உப்பு பட்டு இலைகளின் ஓரம் கருகியது. அதன்பிறகு பூவைப் பார்த்து எதையும் வாங்கமாட்டாள். வெயில் வராத அறைக்கு எது நிற்கும், உப்புக் காற்று அடிக்கிற விறாந்தைக்கு எது நிற்கும் என்று யோசித்துத்தான் வாங்குவாள். பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மலைநாட்டிலிருந்து லொறியில் கன்றுகள் கொண்டுவந்து இறக்குவார். இவள் ஒவ்வொரு சட்டியாகத் தூக்கி, அடியில் உள்ள ஓட்டை வழியாக வேர் வெளியே வருகிறதா என்று பார்ப்பாள். மண்ணைக் கிள்ளி மணந்து பார்ப்பாள். அவர் ஒருநாள் பொறுமை போய்க் கேட்டார்:

"புள்ள, பூக்கண்டு பாக்க வந்தீங்களா, மாப்பிள்ள பாக்க வந்தீங்களா?"

"ரெண்டிலயும் அடியத்தான் பாக்கணும்," என்றாள் இவள். அங்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு வாங்கியதுதான் அந்த மருள் கன்று. வாள்போல நிமிர்ந்த இலை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கரை. சேலைக் கரை மாதிரி இருக்குதாம், அதனால் எடுத்தாளாம்.

கடல் வந்த காலையில் நான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், என் கணவரின் ஊருக்குப் போயிருந்தேன். அவள் தன் வீட்டில் இருந்தாள். வாவிப் பக்கத்துக் கண்ணா மரப் பற்றைக்குள் இருந்துதான் அவளை எடுத்தார்கள். இரண்டு வீடுகளும் இல்லை. அவளுடைய உடுப்பு இல்லை, படம் இல்லை. எங்களுடைய வளவு எது என்று கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். விழுந்து கிடந்த சுவர்த்துண்டு ஒன்றின் கீழே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கையால் தோண்டினேன். மருள். இலைகள் முறிந்திருந்தன. கிழங்கு போன்ற வேர் உயிரோடு இருந்தது.

அகதிமுகாம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பால்மா டின் ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு அதை வைத்தேன். வேரில் உப்பு இருந்தால் அழுகிவிடும். அது மாரிகாலம். கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் பிடித்துப் பிடித்து வேரைக் கழுவினேன். தண்ணீர் வரிசையில் நின்ற ஒருத்தி, "சனம் குளிக்க வழியில்ல, இவ பூமரத்தக் குளிப்பாட்டுறா," என்றாள். சொல்லட்டும்.

முறிந்த இலைகளையும் எறிய மனம் வரவில்லை. மண்ணில் குத்தி வைத்தேன். மாதக்கணக்காகச் சும்மா நின்றுவிட்டு, பிறகு அடியில் குருத்துவிட்டன. எல்லாம் பச்சை. ஒன்றில்கூட மஞ்சள் கரை இல்லை. கரை போட்ட மருளின் இலையை நட்டால் வெறும் பச்சைதான் வரும். கரையோடு வேண்டுமானால் குருத்தை வேரோடு பிரித்து நட வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, திரும்பத் திரும்ப நட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பின்னர் யார் கேட்டாலும் இலையைத்தான் கொடுத்தேன். வேரைப் பிரித்து யாருக்கும் கொடுத்ததில்லை. முகாமுக்கு எங்களைப் பார்க்க வந்த மச்சாளுக்கும் ஓர் இலைதான் கொடுத்தேன்.

வீடு போனதால் நான் கணவரின் ஊருக்குப் போனேன். எங்கள் பெண்கள் அப்படிப் போவதில்லை. போக வேறு இடம் இல்லை. அவருடைய வயல் வட்டை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில். அங்கே வயல் மண் களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆற்றுமணலும் எரித்த உமியும் கலந்து, பெரிய மண்சட்டி ஒன்றில் மருளை மாற்றினேன். பச்சைக் கன்று ஒன்றைக் கொட்டில் மூலையில் ஒரு வாளியில் வைத்தேன். மருளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொல்லக்கூடாது. மண் காய்ந்தபிறகு ஊற்ற வேண்டும், இலைகளுக்கு நடுவில் ஊற்றக்கூடாது. இலையில் தூசு படிந்தால் ஈரத் துணியால் துடைப்பேன். குருத்துக் குருத்தாக வந்து சட்டி நிறைந்தது.

பிறகு ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். ஊர் முழுக்க வாவியைக் கடந்தது. தோணியில் நான் சட்டியை மடியில் வைத்திருந்தேன். அரிசிச் சாக்கை விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்தாய் என்று கணவர் கரை சேரும்வரை ஏசினார்.

மச்சாளின் வீடு தன்னாமுனையில். கல்வீடு. அதைக் கடலும் தொடவில்லை, ஷெல்லும் தொடவில்லை. எங்களுக்குக் கிடைத்த கூடாரத்தில் கால் நீட்டவே இடமில்லை. அதனால் சட்டியை அவளிடம் கொண்டுபோனேன்.

"தண்ணி கனக்க ஊத்தாதீங்க மச்சாள். பிரிக்காதீங்க. இது தங்கச்சிட."

"எனக்குத் தெரியாதா கா? நீ போ. பத்திரமா இரிக்கும்."

ஊர் திரும்பலாம் என்று சொன்னதும் முதலில் அவளிடம்தான் போனேன். சட்டியைக் கழுவிக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அழுகிப் போச்சு கா. மழை. மறுகா பிடுங்கி எறிஞ்சிட்டன்."

நம்பினேன். வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தங்கச்சியைப் புதைத்தபோது எனக்கு அழ நேரம் இருக்கவில்லை. அந்தச் சட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன். கொட்டிலில் ஒன்றும் மிஞ்சவில்லை, கதவைக்கூடக் கழற்றிப்போயிருந்தார்கள். மூலையில் வாளிக்குள் பச்சைக் கன்று மட்டும் நின்றது. யாருக்கும் வேண்டாத பச்சை.

சண்டை முடிந்தபின் மச்சாளின் மகளுக்குக் கல்யாணம். மகளுக்கென்று கட்டிய புது வீட்டில் வைத்தார்கள். படியின் இரண்டு பக்கமும், விறாந்தை நீளத்துக்கும், புதுச் சீமெந்துச் சாடிகள். எல்லாவற்றிலும் மருள். எல்லாவற்றிலும் மஞ்சள் கரை. வந்தவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தியிடம் மச்சாள், இது தன் வீட்டுக் கன்று, தானே பார்த்துப் பார்த்து எடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன்.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் முகம் மாறவில்லை.

"முகாமில வச்சு ஒரு இலை தந்தியே கா, அதில இருந்து வந்ததுதான்."

அன்று அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அவளுடைய நாளைக் கெடுக்கக்கூடாது. கல்யாணம் முடிந்து நாலாம் நாள், நாலாம் சடங்கு விருந்துக்கு வாளியோடு போனேன். பச்சைக் கன்றைப் படியில், கரை போட்ட சாடிகளுக்கு நடுவில் வைத்தேன். சொந்தக்காரர் எல்லோரும் இருந்தார்கள்.

"இதுதான் இலையில இருந்து வந்தது," என்றேன். "கரை இரிக்கா எண்டு பாருங்க. கரையோட வேணுமெண்டா வேரோடதான் பிரிக்கணும். மச்சாள், உங்களுக்கு வேர் எங்கால வந்த?"

யாரோ ஒருவர் சிரித்தார். என் கணவரின் சித்தப்பா முதலில் சாப்பிடச் சொன்னார். மச்சாள் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகளை அனுப்பிக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டாள். துணிக்கடைப் பை ஒன்றுக்குள் ஒரு மருளைப் பிடுங்கி வைத்திருந்தாள். வேர் அறுந்து தொங்கியது.

"சத்தம் போடாத. இதக் கொண்டு போ. இன்னும் வேணுமெண்டாலும் எடு."

அழுகிப்போனது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அதையும் தூக்கிக்கொண்டு முகாம் முகாமா அலைஞ்சாய். உன்னட்ட இருந்தா செத்திருக்கும். வீடு வாசல் இல்லாத ஆளுக்கு அது என்னத்துக்கு?"

கல்வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொன்னாள். பால்மா டின்னில் அதைப் பிழைக்க வைத்தவள் நான். உப்புக் கழுவியவள் நான். தோணியில் மடியில் வைத்துக் கடத்தியவள் நான். அவள் செய்தது தண்ணீர் ஊற்றியது மட்டும்தான். வீடு இல்லை என்றால் தங்கச்சியும் எனக்கு இல்லையா?

பையைக் குசினிப் படியிலேயே வைத்துவிட்டு வந்தேன். கன்று வேண்டாம் என்று இல்லை. இரவில் நினைத்தால் கை பரபரக்கிறது. வேர் காய்ந்திருக்குமோ, திரும்ப நட்டாளோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் பின்வாசலால், பைக்குள் மறைத்து, களவுப் பொருளைப்போல என் தங்கச்சியின் கன்றை நான் வாங்கமாட்டேன். பச்சைக் கன்றை அங்கேயே விட்டுவிட்டேன். அதைத் தன் வீட்டுக் கிணற்றடிக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறாளாம். அங்கேயே நிற்கட்டும். தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் அவள் அதைப் பார்க்கட்டும்.

இப்போது சொந்தக்காரரிடம் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்கிறாள். அந்தப் பித்துக்கு நல்ல வைத்தியம் என்னிடம் இருக்கிறது. வைகாசியில் இங்கே படுவான்கரையில் எங்கள் அம்மன் கோயில் சடங்குக்கு வருடா வருடம் அவள் வருகிறாள். இந்த வருடமும் வருவாள். முழு ஊரும் முற்றத்தில் இருக்கும்.

மச்சாள், அந்தத் தாய்க்கன்றைச் சாடியோடு தூக்கிக்கொண்டு வாருங்கள். முன்வாசலால் வாருங்கள். இதை வாங்கியவள் யார் என்று என் தங்கச்சியின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். அழுகியது என்று என்னிடம் சொன்னது பொய்யா இல்லையா என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கன்றைத் தாருங்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். நான் கோயில் முற்றத்தில்தான் நிற்பேன். என்ன பதில்?