ரகு அத்தான் திறந்து தந்த இமெயில்

இன்று அம்பாங்கானில் மாமா மகன் ரகுவின் பணி ஓய்வு விருந்து.

எஸ்டேட்டில் இருந்தபோது எங்கள் பழைய கம்ப்யூட்டரில் போன் லைனை மாட்டி, எனக்கு இமெயில் திறந்து தந்தவர் அவர்தான். சுங்கை காடுட் தொழிற்சாலை வேலைக்கு இருவருமே மனுப் போட்டோம்.

மோடம் கத்தக் கத்தத் தினமும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இன்று அவர் ஓய்வு பெறும் அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

இன்று சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் மெயில என் கம்ப்யூட்டர்லயும் செட் பண்ணி வச்சிருந்தேன் லா. முதல்ல யாரு கனெக்ட் பண்றாங்களோ, அவங்க கம்ப்யூட்டர்லதான் இறங்கும். உனக்கும் இன்டர்வியூ வந்துச்சு."

"ஏன் அத்தான் சொல்லல?"

"ஒரு ஆளத்தானே எடுப்பாங்க!"

மேசையே சிரித்தது.

குடும்பக் குழுவில் அவருக்கு வாழ்த்து எழுதும் பொறுப்பு எனக்காம். எழுதிவிட்டேன். அவருக்கு மட்டும் போய்ச் சேராதபடி அனுப்ப ஏதாவது செட்டிங் இருந்தால் சொல்லுங்கள்.